ஏழாம் வீட்டின் வாரம்

என்ன சேகரிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் தபால்தலை என்று சொல்லிவிடுவேன். எலும்பு என்று உண்மையைச் சொன்ன இரண்டு தடவையும் எதிரில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். புனிதர்களின் எலும்புதான், எள்ளளவு இருக்கும். அதைச் சிவப்புப் பட்டில் பதித்து, நாணயம் அளவுள்ள பித்தளைச் சிமிழில் வைத்து, முன்பக்கம் கண்ணாடி போட்டு, பின்பக்கம் சிவப்பு நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். திருப்பண்டம் என்பது கோயில் வழக்கு. பாரிஸுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரில் கன்னியர் மடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, இவை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கரண்டிகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவில் வந்து கிடக்கும். புதுச்சேரியில் சின்ன வயதில் பூசைக்கு மணி அடித்தவன் நான். மனசு கேட்காது, வாங்கிவிடுவேன்.

புனிதப் பண்டத்தை விற்பதும் வாங்குவதும் பாவம். எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். பெட்டிக்கும் கண்ணாடிக்கும்தான் விலை, எலும்பு இலவசம் என்போம். இதைச் சொல்லும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

போடிநாயக்கனூருக்கு நான் போனது வாங்குவதற்கு அல்ல, திருப்பிக் கொடுப்பதற்கு. பதினோரு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு பழம்பொருள் கடையின் பின்னறையில் ஒரு மனிதர் புனித செபஸ்தியாரின் திருப்பண்டத்தை என்னிடம் கொடுத்தார். தேக்கில் பெட்டி போலச் செய்த சின்னத் தாங்கி, அதில் பித்தளைச் சிமிழ். குடும்பச் சொத்து என்றார். அவர் மேலெல்லாம் ஏலக்காய் வாசனை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது மட்டும், "சார், எங்க வச்சாலும் இதுக்கு ஒரு வெளக்கு ஏத்துவீகளா?" என்று கேட்டார். ஏற்றுகிறேன் என்றேன். பாரிஸில் என் கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்தேன். அந்தத் தட்டில் ஏற்கெனவே மின்விளக்கு இருந்தது. அதுவும் விளக்குதானே என்று நினைத்துக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் பூஞ்சை தெரிந்தது. என் மனைவியின் நகவெட்டியை எடுத்து, நூலை அறுத்து, முத்திரையை உடைத்துச் சிமிழைத் திறந்தேன். நாற்பது வருஷமாகச் சேகரிக்கிற ஒருவன் செய்யவே கூடாத காரியம் இது. சிமிழைக் கழற்றிய தாங்கியின் குழிக்குள், அது ஆடாமலிருக்க ஒரு தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். வெறும் அடைப்பு என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் தமிழ்.

மேலே கருந்தேன்பாறை எஸ்டேட், போடி வழி என்று இருந்தது. கீழே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள் பன்னிரண்டும், வீட்டுக்காரர் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் வாரத்துக்கொன்றாகப் புள்ளிகளும். செபஸ்தியார் ஒரு வீட்டில் ஒரு வாரம் இருப்பார். அந்த வாரம் அந்த வீட்டுக் கதவைப் பூட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்குள் அடுத்த வீட்டில் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் 'என் வாரம் முடிந்தது' என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் 'எங்கள் வாரம் தொடங்குகிறது' என்று சொல்ல வேண்டும். கடைசிப் புள்ளி ஏழாம் வீடு ரோசம்மாள் பெயருக்கு எதிரில் இருந்தது. குடும்பச் சொத்தாம். பன்னிரண்டு குடும்பத்துச் சொத்தை நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மதுரையிலிருந்து ரயிலில் போடிக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்த எனக்கு வெயிலும், நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காற்றும் கிடைத்தது எப்படி என்று இன்னும் புரியவில்லை. எங்கள் பாரிஸ் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் செத்தே போனாலும் இறங்கும் இடம் வரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே ஆண்டிபட்டி வருவதற்குள் என் பிள்ளைகளின் சம்பளம் வரை விசாரித்து முடித்துவிட்டார்கள்.

போடி வீதியில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏலக்காய் மணக்கிறது. சரக்குக் கிட்டங்கி வாசல்களில் பெண்கள் முறத்தில் காய் தரம் பிரிக்கிறார்கள். ஆசையோடு ஒரு கடையில் டீ கேட்டேன். இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். ஏலக்காய் இல்லையா என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது விக்கிறதுக்கு அண்ணே, குடிக்கிறதுக்கா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இஞ்சி டீ நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் பங்குச் சாமியாரைப் பார்த்தேன், என் மகன் வயதுதான். சிமிழைத் திருப்பிப் பார்த்தவர் பின்பக்கத்தை விரலால் தடவினார். "முத்திரை எங்க?" என்றார். சொன்னேன். சிமிழை மேசைமேல் வைத்தார். பிறகு, "முத்திரை இருந்தாத்தான் இது இன்னாருதுன்னு நாங்க சொல்ல முடியும். இனிமே இதைப் பீடத்துல வைக்க முடியாது. வீட்டுல வச்சு ஜெபிக்கிறதை யாரும் தடுக்கல. ஆனா நீங்க தொறந்திருக்க வேண்டாம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எடுத்தபடி திருப்பிக் கொடுக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் போனது.

சனிக்கிழமை விடிந்ததும் மலைக்கு வேலைக்குப் போகிற ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் நான் பதினைந்தாவது. மற்றவர்கள் ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, மடியில் தூக்குவாளி. ஓட்டுநர் யூசுப் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சைவிட ஹாரனை அதிகம் நம்பினார்.

"ஏ ஆத்தா, தள்ளி ஒக்காரு. சாருக்கு ஒரு கால் வெளிய தொங்குது பாரு" என்று இடம் பண்ணிக் கொடுத்தவள் பேச்சியம்மாள். பெரிய குரல், சின்ன உடம்பு. "மடியில என்னண்ணே? பச்சப்புள்ளையக் கட்டிப்பிடிச்ச மாதிரி வச்சிருக்கீக?" என்றாள். கண்ணாடிச் சாமான் என்றேன். நேற்றுத் தேவாரம் பக்கம் யானை இறங்கி யாருடைய சோளத்தையோ மிதித்துவிட்டதாம். அந்தப் பேச்சு மூன்று கொண்டை ஊசி வளைவுக்கு ஓடியது.

பதினோராவது வளைவில் டயர் போனது. மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அது இன்னும் மோசம். "இன்னொரு ஜீப்பு வரும். அவசரப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்று யூசுப் பாய் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் வாளிகளைத் திறந்தார்கள். எனக்குத் தூக்கு மூடியில் தக்காளிச் சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் வந்தன. நான் வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. ருசித்துச் சாப்பிட்டேன். கீழே வெயிலில் போடி ஒரு கைப்பிடி அரிசியை இறைத்த மாதிரி கிடந்தது. இவர்களுக்கெல்லாம் அரைநாள் வேலை போய்விடுமே என்று கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

வேறு ஜீப்பின் டயரைக் கடன் வாங்கி மலை உச்சிக்கு வந்தோம். மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பைக்குள் துணி, துணிக்குள் பெட்டி, பெட்டிக்குள் சிமிழ். காவலர் சிமிழைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன சார் இது?"

"ஒரு புனிதருடைய எலும்புங்க."

"எலும்பா? மனுச எலும்பா?"

"ஆமாம். ரொம்பச் சின்னது."

அவர் சிமிழைச் சுடுகிற பொருளைப் போல உடனே கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். போங்க போங்க என்றார். யூசுப் பாய் இரண்டு கையாலும் அதை எடுத்து என்னிடம் தந்தார். அப்போதுதான் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

"அண்ணே, இது ரோசம்மா தொலைச்ச பெட்டியில்ல?"

ஜீப்பே என்னைப் பார்த்தது. அவளும் கருந்தேன்பாறையில்தான் ஏலக்காய் எடுக்கிறாளாம். மீதி வழியில் அவள்தான் சொன்னாள். ரோசம்மாள் வாரத்தில் பெட்டி காணாமல் போயிருக்கிறது. அவளே விற்றுவிட்டாள் என்று லயனே பேசியிருக்கிறது. சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடியில் அவளை விளக்கு ஏற்ற விடவில்லை. மறுபடி எழுதிய முறைப் பட்டியலில் அவள் வீட்டை அடித்துவிட்டார்கள். வேறு புனிதரின் படம் ஒன்று சுற்றி வந்தபோது ஆறாம் வீட்டிலிருந்து நேரே எட்டாம் வீட்டுக்குப் போனது.

"சாமியத் தின்னவள்னு பேரு வச்சிட்டாகண்ணே. சாமி எங்களுது இல்ல. இருந்தாலும் பாக்க எங்களுக்கே பாவமா இருக்கும். உங்களுக்கு எப்படிக் கெடச்சுச்சு?"

மதுரையில் வாங்கினேன் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பதினோரு வருஷம் என் அலமாரிக்கு வந்த விருந்தாளிகள் இதைப் பார்த்து அழகு என்றார்கள். அந்த நேரத்திலெல்லாம் ஒரு பெண் இங்கே இந்தப் பெயரோடு காய் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 

வேலை முடியும் வரை லயன் முன்னால் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் மலையாளி. பால் விடாத கட்டன் சாயாவும், காந்தாரி மிளகாய்ச் சட்னியோடு வேகவைத்த கப்பைக் கிழங்கும் கொடுத்தார். "சேச்சி நாலு மணிக்கு வரும். பணி முடியணுமல்லோ" என்றார். மிளகாய்க்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததும் நல்லதாகப் போனது.

நாலரைக்கு வந்தார் ரோசம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார். செடியடியில் குத்தவைத்தே வேலை செய்கிறவர்களுக்கு வரும் நடை, நகமெல்லாம் கறுப்பு. பேச்சியம்மாள் முன்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்.  கையும் காலும் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். பெட்டியை நீட்டினேன். வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு அப்படியே நின்றார். முத்திரையை நான் உடைத்ததையும் சாமியார் சொன்னதையும் சொன்னேன்.

"முத்திரையை நாங்க எப்பப் பாத்தோம்? முன்பக்கந்தான் பாப்போம்" என்றார். பிறகு கேட்டார். "யாரு குடுத்தா உங்களுக்கு?"

யார் என்று தெரியாது என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். அதற்குள் என் கண் சுவருக்குப் போய்விட்டது. மாலை போட்ட படத்தில் ஒரு ஆள். இடது புருவத்தில் தழும்பு.

அவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "இவரா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா."

கீழே உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மாசம் புள்ள மதுரை ஆஸ்பத்திரில கெடந்துச்சு, மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எஸ்டேட்டுல ஒதவி பண்ணாகன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நம்புனேன். இப்ப அவ திருப்பூருல ரெண்டு பிள்ளைகளோட நல்லா இருக்கா." பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் அவரு கோயில்ல நன்மை அப்பம் வாங்கவே இல்ல. ஒம்போது வருசம். போன வருசத்துக்கு முந்தின வருசம் செத்தாரு. அப்பவும் சாமியாரைக் கூப்பிட வேணாம்னுட்டாரு. நான்தான் வித்துட்டேன்னு எம்மேல கோவமா இருக்காருன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு நானும் மூஞ்சி குடுத்துப் பேசல."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒன்பது வருஷம் அப்படி இருந்திருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாயங்காலம் வாங்க" என்றார். "எம் வாரம் இன்னும் முடியல."

டீக்கடையிலேயே தங்கியிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனபோது வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்ததாம். என்னைப் பார்த்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, "வாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் நீங்க சொல்லணும். இவ எடுக்கலன்னு சொன்னாப் போதும்" என்றார்.

முதல் வீட்டில் பூட்டு. இரண்டாம் வீட்டின் கதவே இல்லை, உள்ளே விறகு அடுக்கியிருந்தது. அவர்கள் கோயம்புத்தூர் போய் ஆறு வருஷமாம். மூன்றாம் வீட்டில் ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த நாலு இளைஞர்கள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க" என்றார் ரோசம்மாள். 'இந்த அம்மா பெட்டியை எடுக்கவில்லை' என்று தமிழில் சொன்னேன். அவர்கள் மரியாதையாக எழுந்து நின்று தலையாட்டி, எங்களுக்கு ஆளுக்கொரு சப்பாத்தி கொடுத்தார்கள். ஐந்து, ஆறு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லா வீட்டிலும் பூட்டு, இல்லையென்றால் புது ஆட்கள். பூட்டிய வீட்டு முன்னால்கூட என்னைச் சொல்ல வைத்தார். பழி சொன்னவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால்கூட நாலைந்து காதாவது இருந்திருக்கும்.

பழைய ஆள் இருந்தது நாலாம் வீட்டில் மட்டும்தான். பழைய கங்காணி சவரிமுத்துவின் வீடு அது. பட்டியலில் ஏழாம் வீட்டை அடித்தது அவர் கைதானாம். அதனால்தான் அதைக் கடைசியாக வைத்திருந்தார் ரோசம்மாள். கண்ணில் புரை விழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார் சவரிமுத்து. பெட்டியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"செபஸ்தியாரேதான்" என்றார்.

"இந்த அம்மா எடுக்கல ஐயா" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பினார். "அப்ப எடுத்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ரோசம்மாள் முந்திக்கொண்டார்.

"பழைய சாமான் வாங்க வந்த ஆளு. கதவு தொறந்து கெடக்கவும் தூக்கிட்டுப் போயிட்டாரு. இவருதான் அது. மனசு கேக்காமத் திருப்பிக் கொண்டாந்துருக்காரு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கெஞ்சவும் இல்லை. கிழவர் புரை விழுந்த கண்ணை என் பக்கம் திருப்பினார். "நெசமாவா அப்பு?"

"ஆமாம். நான்தான் எடுத்தேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அதில் பொய் அதிகம் இல்லை என்று தெரிந்தது.

"படிச்ச ஆளு மாதிரிப் பேசுறீக" என்றார் அவர். காறித் துப்பவில்லை, அவ்வளவுதான். பிறகு ரோசம்மாளின் கையைத் தேடிப் பிடித்து, "தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. வெரசாப் போ, பொழுது எறங்குது. ஒன் வாரத்தை முடிச்சுக் குடு" என்றார்.

எட்டாம் வீட்டில் ஜார்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி. அந்தப் பெண் பெட்டியைப் பார்த்ததும் ஈரக்கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். "ஜெய் யேசு" என்றாள். ரோசம்மாள் அவள் கையில் கொடுத்து, "எம் வாரம் முடிஞ்சுருச்சு" என்றார். பதிலுக்குச் சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியவில்லை. ரோசம்மாளே சொல்லிக்கொடுத்தார். அவள் மூன்று தடவை திக்கித் திக்கிச் சொன்னாள்.

சாலை வரை என்னுடன் நடந்து வந்தார் ரோசம்மாள். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. ஜீப் நிற்கிற இடம் வந்ததும் கேட்டார்.

"அவரு வேற எதுவும் சொன்னாரா?"

"எங்கே வைத்தாலும் ஒரு விளக்கு ஏற்றச் சொன்னார்."

"ஏத்துனீகளா?"

"ஏற்றினேன்" என்றேன்.

"தெனமுமா?"

"தினமும்."

அவர் முகம் தளர்ந்தது. அப்போதுதான் அழுதார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே லயனுக்குத் திரும்பி நடந்தார்.

திங்கட்கிழமை யூசுப் பாயின் ஜீப்பில் இறங்கினேன். "நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களாமே சார்?" என்று கேட்டார். ஆமாம் பாய் என்றேன். பதினேழு வளைவும் முடியும் வரை ஹாரனை மட்டும் அடித்தார். டீக்கும் நிறுத்தவில்லை.

இப்போது பாரிஸில் என் அலமாரியின் இரண்டாம் தட்டு காலியாக இருக்கிறது. மின்விளக்கைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சின்ன எண்ணெய் விளக்கு வைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஏற்றுகிறேன். கண்ணாடியெல்லாம் புகை பிடிக்கிறது என்று மனைவிக்குக் கோபம். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு எதற்கு விளக்கு என்று கேட்டாள்.

தினமும் ஏற்றியதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.